14 கையெழுத்து

வேலூரில் ஒரு பெரிய நிறுவனத்தின் சலவைக்கூடத்தில் 9 வருடங்களாக வேலை செய்கிறேன். சமையல், சலவை, துப்புரவு மூன்றும் மூன்று கான்ட்ராக்டர்கள் கையில். ஊசூரிலிருந்தும் அணைக்கட்டிலிருந்தும் விடிகாலை பஸ்ஸில் ஒன்றாக வருவோம். வாசலில் இறங்கியதும் மூன்று நிறச் சட்டைகளாகப் பிரிந்துவிடுவோம்.

2022-இல் மகளின் கல்லூரிச் செலவுக்காக பி.எஃப். முன்பணம் எடுக்கப் போனேன். என் பெயரில் மூன்று கணக்குகள் இருந்தன. கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புதுக் கணக்கு தொடங்கியிருக்கிறார்கள். நடுவில் 7 மாதங்கள் சம்பளத்தில் பிடித்த பணம் கட்டப்படவே இல்லை. அதே சமயம், உடம்பு முடியாமல் வேலையை விட்ட சமையற்கூடத்து அக்கா பணிக்கொடை (கிராஜுவிட்டி) கேட்டிருந்தார். 5 வருடத் தொடர் பணி இல்லை என்றார்கள். 12 வருடங்கள் அதே அடுப்பின் முன்னால் நின்றவர் அவர்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் வேலை செய்து, சங்கத்திலும் இருந்தவர். சங்கம் தொடங்க அவர்தான் வழி சொன்னார். அப்போது நடப்பில் இருந்த 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி பதிவுக்கு 7 பேர் விண்ணப்பிக்கலாம். ஆனால் 2001 திருத்தத்தின்படி மொத்தத் தொழிலாளர்களில் நூற்றுக்குப் பத்துப் பேரோ 100 பேரோ, எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். நாங்கள் 140 பேர். ஆகவே 14 பேர் தேவை.

அந்த 14 பேரைச் சேர்க்க நான்கு மாதங்கள் ஆயின. சம்மதம் சொல்வார்கள், பேனாவை நீட்டினால் கை வராது. பலருக்கு வேலை வாங்கித் தந்தவரே மேஸ்திரி. சொந்த ஊர்க்காரர், சிலருக்கு உறவும்கூட. அவருக்குத் தெரியாமல் கையெழுத்துப் போடுவதைத் துரோகமாக நினைத்தார்கள். மகளிர் குழுத் தவணை கட்டுகிறவர்களுக்கு ஒரு வாரச் சம்பளம் நின்றாலும் வீடு தாங்காது. அவர்களைக் கோழைகள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் நடந்த முதல் கூட்டத்தில், துப்புரவுப் பிரிவுப் பெண் கொடுத்த டீயைச் சமையல் பிரிவில் இரண்டு பேர் தொடவில்லை. டம்ளர்கள் ஆறிக் கிடந்தன. அன்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. மறுவாரம் பணிக்கொடை கேட்ட அக்கா தானே வந்து, அந்தப் பெண்ணிடம் டீ வாங்கிக் குடித்துவிட்டுத் தன் கதையைச் சொன்னார். அந்த இருவரில் ஒருவர் அன்றே கையெழுத்திட்டார். மற்றவர் கடைசிவரை வரவில்லை.

மாதச் சந்தா 10 ரூபாய் என்று வைத்தோம். பதிவு கிடைத்து, கோரிக்கைக் கடிதத்தை ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பிய வாரத்திலேயே இரண்டு பெண்களிடம் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். தொழிலாளர் துறையில் மனுக் கொடுத்தோம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் கான்ட்ராக்டரின் உரிம நகலைக் கேட்டோம். அதில் இருந்த ஆட்களின் எண்ணிக்கை, உண்மையில் வேலை செய்தவர்களைவிடக் குறைவு. எங்கள் பேச்சு எடுபட்டதற்கு அந்தத் தாள் பெரிய காரணம்.

சமரசப் பேச்சில் நிர்வாகம், "இவர்கள் எங்கள் ஆட்களே இல்லை" என்றது. அப்போது நடப்பில் இருந்த 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21-ஆம் பிரிவைப் பெரியவர் எங்களுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். கான்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது கான்ட்ராக்டரை வைத்திருக்கும் நிறுவனம், தந்தாக வேண்டும். பி.எஃப். பொறுப்பும் அதற்கு உண்டு. ஆறாவது அமர்வில், தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவுப்படி சமரச ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு பெண்களும் திரும்பி வந்தார்கள். 7 மாதப் பணம் கட்டப்பட்டது. கான்ட்ராக்டர் மாறினாலும் இருப்பவர்களே தொடர்வார்கள் என்று எழுதி வாங்கினோம். இவையெல்லாம் 2025 நவம்பர் 21-இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வருவதற்கு முன் நடந்தவை. இப்போது தொடங்குகிறவர்கள் பிரிவு எண்களைப் புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் பணிக்கொடை மனு இன்னும் முடியவில்லை. அடுத்த விசாரணைக்கு நானும் உடன் போகிறேன். 12 வருடச் சம்பளச் சீட்டுகளை ஒரு மஞ்சள் பையில் கட்டி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.