வலென்சியாவில் ஒரு வியாழக்கிழமை

10 செப்டம்பர் 2025, புதன், இரவு

ஸ்பெயின் வந்து, மாட்ரிட்டில் படிக்கும் தம்பியைப் பார்த்தாயிற்று. ஊருக்குத் திரும்ப வலென்சியாவிலிருந்துதான் மலிவாக டிக்கெட் கிடைத்தது. பிராங்க்ஃபர்ட் வழியாகச் சென்னை, வெள்ளி விடிகாலை. அதனால் அம்மாவுக்கும் எனக்கும் இந்த ஊரில் ஒரு பகல் மிச்சம். அதுவும் வியாழக்கிழமையாக அமைந்தது அதிர்ஷ்டம்தான். ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன்.

11 செப்டம்பர், வியாழன், மதியம்

காலையில் மத்தியச் சந்தை. 1928இல் திறந்த கட்டடம், இரும்பும் கண்ணாடியுமாகக் கூரை. அம்மா தக்காளியை அழுத்திப் பார்க்கப் போய்க் கடைக்காரரிடம் ஒரு முறைப்பு வாங்கிக்கொண்டார். எதிரே பட்டு வணிகர்களின் பழைய மண்டபமான லோன்ஹா. 15ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியது. உள்ளே தூண்கள் முறுக்கிய கயிறு போல மேலே போய்க் கூரையில் விரிகின்றன. சுவரைச் சுற்றி லத்தீனில் ஓடும் வாசகம், ஏமாற்றாத, வட்டி வாங்காத வணிகனுக்குச் செல்வமும் சேரும், மோட்சமும் கிடைக்கும் என்கிறது. வெளிச் சுவரில் தண்ணீர் கொட்டும் சிலைகளில் சில ஆபாசம். வணிகர்கள் மோட்சத்தை மட்டுமே நினைத்திருக்கவில்லை போல.

பதினொன்றே முக்காலுக்கே பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலுக்கு ஓடினோம். ஒவ்வொரு வியாழனும் பகல் 12 மணிக்கு இங்கே, பாசனத் தகராறுகளைத் தீர்க்கும் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. தூரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களுக்கு ஆளுக்கொரு பிரதிநிதி. எல்லோரும் அந்தப் பாசன விவசாயிகளே தேர்ந்தெடுத்தவர்கள், வக்கீல்கள் இல்லை. இஸ்லாமியர் ஆட்சிக் காலத்திலிருந்து வருகிற வழக்கம் என்கிறார்கள். 1960இல் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடிவிட்டார்கள். 2009இல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது.

மணி அடித்தது. கறுப்பு மேலங்கியோடு வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். சேவகர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் உரக்கக் கூப்பிட்டு, அதில் குற்றம் சாட்டப்பட்டவர் யாராவது உண்டா என்று கேட்டார். குவார்ட், மிஸ்லாத்தா, ஃபவாரா, ரோவெல்யா... ஒருவரும் வரவில்லை. எழுந்து போய்விட்டார்கள். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பக்கத்தில் கேமராவோடு நின்றவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். எனக்கு அப்படி இல்லை. வழக்கே இல்லாத நாளிலும் தவறாமல் வந்து உட்கார்கிறார்களே, அதைத்தான் பார்க்க வந்தேன்.

அம்மாவுக்கு ஆயிரம் கேள்வி. மன்னார்குடிப் பக்கம் முறைத்தண்ணீருக்காக ராத்திரியில் மடையில் காவல் கிடந்த குடும்பம் ஆயிற்றே.

"முறை தப்பி மடையைத் திறந்தா என்னப்பா பண்ணுவாங்க?"

"அபராதம்மா. வாய்க்கால் தூர்வாராம விட்டாலும், பக்கத்து வயல்ல தண்ணியைப் பாயவிட்டாலும் அபராதம். எல்லாம் வாய்ப்பேச்சுலயே முடிஞ்சிடும். அப்பீல் கிடையாது."

ஒருவர் மேல் வழக்கு வந்தால் அவருடைய வாய்க்காலின் பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்ள மாட்டார் என்றதும், "அது சரியான ஏற்பாடு" என்றார்.

அதே நாள், இரவு

அந்தத் தூரியா இப்போது ஊருக்குள் இல்லை. 1957 அக்டோபர் 14இல் வெள்ளம் நகரையே மூழ்கடித்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் ஊருக்குத் தெற்கே புதிய கால்வாய் வெட்டி ஆற்றையே திருப்பிவிட்டார்கள். காய்ந்த பழைய படுகையில் நெடுஞ்சாலை போடுவதாகத் திட்டம். படுகை எங்களுடையது, அது பச்சையாக வேண்டும் என்று மக்கள் போராடியதால் பூங்கா ஆயிற்று. பழைய கல்பாலங்கள் அப்படியே இருக்கின்றன. கீழே தண்ணீருக்குப் பதில் கால்பந்து ஆடுகிறார்கள். ஓரிடத்தில் கதையில் வரும் கலிவர் பெரிய சிலையாக மல்லாந்து கிடக்கிறான், பிள்ளைகள் அவன் மேல் ஏறிச் சறுக்குகிறார்கள். கோடியில் கட்டடக் கலைஞர் கலத்ராவாவின் வெள்ளைக் கட்டடங்கள். படத்தில் பார்த்த அளவுக்கு நேரில் அசத்தவில்லை. நிழலே இல்லை.

அப்புறம் மெட்ரோ பிடித்து அல்போராயா போனோம், ஓர்சாத்தா குடிக்க. கோரைக்கிழங்கை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, சர்க்கரை போட்டுக் குளிரவைத்த பால். கூடவே நீளமான இனிப்பு ரொட்டி, தோய்த்துத் தின்ன. பரிமாறியவர் தெற்கே பைபோர்த்தாக்காரர். நாங்கள் ஆற்றைப் பற்றிக் கேட்டதும் கையைத் தன் நெற்றி உயரத்துக்குத் தூக்கிக் காட்டினார். 2024 அக்டோபர் 29இல் அவர் வீட்டுக்குள் நின்ற தண்ணீர் மட்டம். அந்த வெள்ளத்தில் வலென்சியா மாகாணத்தில் 220க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கைப்பேசிகளுக்கு எச்சரிக்கை வந்தபோது இரவு எட்டு தாண்டிவிட்டது, அதற்குள் பல தெருக்களில் தண்ணீர் ஏறியிருந்தது. புதிய கால்வாய் நகரின் மையத்தைக் காப்பாற்றியது. அதற்குத் தெற்கே இருந்த ஊர்கள்தான் மாட்டிக்கொண்டன. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, இன்னொரு கோப்பை வேண்டுமா என்று கேட்டார். அம்மா வாங்கிக்கொண்டார்.

12 செப்டம்பர், வெள்ளி, விமான நிலையம்

ஓர்சாத்தாவைப் பாட்டிலில் கைப்பையில் கொண்டுபோக விட மாட்டார்கள். கிழங்காகவே வாங்கிப்போகலாமா என்று கேட்டேன், நேற்று கடையில் காய்ந்த கிழங்கு பொட்டலம் பொட்டலமாக இருந்தது. அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாழ்நாள் பூரா வயல்ல கோரையைப் பிடுங்கியே இடுப்பு போச்சு. காசு குடுத்து வாங்கி நானே ஊருக்குக் கொண்டுபோகணுமா?"

சாக்லேட் வாங்கிக்கொண்டோம்.