மூன்றாவது பட்டன்

1999-ல் நான் கல்லூரி விடுதியில் சேர்ந்தபோது, தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்து 2 வருடம் ஆகியிருந்தது. 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் என்று மெஸ் வாசலில் ஒட்டியிருந்தார்கள். அந்த நோட்டீஸுக்குக் கீழே நின்றுதான், சட்டையின் மூன்றாவது பட்டனைப் பார்த்தபடி சீனியர்களுக்கு 'குட்மார்னிங் சார்' சொல்வோம்.

ஒரு சீனியரின் துணிகளை ஒரு மாதம் நான்தான் துவைத்தேன். அடிக்குப் பயந்து இல்லை. புகார் கொடுத்தால் வார்டன் முதலில் அப்பாவைத்தான் வரச்சொல்வார். தறி ஓட்டுகிறவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும்.

அறைத்தோழன்தான் ஒருநாள், "சார், சோப்பு தீந்துடுச்சு, காசு குடுங்க" என்று சிரிக்காமல் கேட்டான். அவர் பேசாமல் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு இது தோன்றவே இல்லை, பாருங்கள்.

பக்கெட் அடுத்த அறைப் பையனிடம் போயிருந்தது 2 நாள் கழித்துத்தான் தெரிந்தது.