தொட்டுப் பார்க்கலாமா?

என் தலைமுடி அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா நியூஜெர்சி மாநிலத்து நூவர்க்கில் பிறந்து வளர்ந்த கறுப்பின அமெரிக்கர். அம்மா திருநெல்வேலிக்காரர். மூக்கும் கண்ணும் அம்மா ஜாடை. பிடிவாதம் இரண்டு பக்கத்திலிருந்தும் சரிபாதி. முடியில் மட்டும் பாகப்பிரிவினை நடக்கவில்லை. முழுக்க அப்பா வீட்டுச் சொத்து.

நனைந்திருக்கும்போது ஒரு கற்றையைப் பிடித்து இழுத்தால் தோளைத் தாண்டும். காய்ந்ததும் காது மடலுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதனால் திங்கட்கிழமை இழுத்துப் பின்னிக்கொண்டு வேலைக்குப் போனால், "முடி நல்லா வளர்ந்திருக்கே" என்பார்கள். புதன்கிழமை அவிழ்த்து, தலையைச் சுற்றிப் பந்துபோல எழும்பி நிற்கும் ஆஃப்ரோவாக விட்டால், "அடடா, ஏன் வெட்டிட்டே?" என்று துக்கம் விசாரிப்பார்கள். முதலிலெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது, "ஆமாம், வெட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை மறுபடியும் நீளப் பின்னலோடு போய் நிற்கிறேன்.

விஷயம் ஒன்றும் மர்மமில்லை. முடி முளைக்கும் குழியே வளைந்திருக்கிறது. முடியின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் தட்டையாக இருக்கிறது. அதனால் வேரிலிருந்தே சுருண்டு வருகிறது. நேரான முடியில் தலையின் எண்ணெய்ப்பசை தானாக வழுக்கி நுனிவரை போய்விடும். இந்தச் சுருளில் அது பாதி வழி கூடப் போவதில்லை. ஆகவே முடி வறளும், ஒவ்வொரு வளைவிலும் ஒடியும். தினமும் தலைக்குக் குளிப்பதும், காய்ந்த முடியைச் சீவுவதும் இதற்கு ஆகாது.

அம்மாவுக்கு இது தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் எண்ணெய் வைத்து, நெருக்கப் பல் சீப்பால் உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்து, இரட்டைச் சடை போடுவது. நான் அழுவேன், என்னைப் பார்த்து அவரும் அழுவார். கடைசியில் அப்பாவின் அக்கா, என் அத்தை, ஒரு நாள் வந்து அம்மாவின் கையிலிருந்த சீப்பை வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார். அகலப் பல் சீப்பு; ஈரமாக இருக்கும்போது மட்டும்; கண்டிஷனரை வாரி அப்பி, நுனியில் தொடங்கி மெல்ல மெல்ல வேருக்கு ஏறவேண்டும்; இரவில் சாட்டின் தொப்பி, ஏனென்றால் பருத்தித் தலையணையுறை முடியில் இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரத்தையும் குடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுதும் தலைக்கே போகும். அத்தை சோபாவில், நான் அவர் முழங்கால்களுக்கு நடுவே தரையில், தொலைக்காட்சியில் ஏதோ ஒரு பழைய படம். அம்மா பக்கத்தில் நின்று பரீட்சைக்குப் படிப்பவர் போலக் கவனிப்பார்.

அந்த அத்தையே தன் தலையில் சுருளை நேராக்கும் ரசாயனமான ரிலாக்ஸர் போட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்கு விசித்திரமாகத் தெரியவில்லை. எழுபதுகளில் அவரும் பெரிய ஆஃப்ரோ வைத்திருந்தவர்தான், படம் இருக்கிறது. அப்புறம் வங்கியில் வேலை கிடைத்தது. "அப்படியே வா, ஆனால் கவுண்டரில் உட்கார முடியாது" என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லையாம். சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லையாம். பழைய வகை ரிலாக்ஸரில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, அடைத்த குழாயில் ஊற்றுகிற அதே காரம். முடிக்குள்ளே இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்துத்தான் அது சுருளை நேராக்குகிறது. கொஞ்சம் கூடுதலாக விட்டால் தலைத்தோல் வெந்துபோகும். வேரில் புதுச் சுருள் எட்டிப் பார்த்ததும் திரும்பவும் போடவேண்டும்.

வேலைக்கு நேர்காணல் போகும் வயதில் நானும் போட்டுக்கொண்டேன். அதற்காக வெட்கப்படவில்லை, வேலை வேண்டியிருந்தது, கிடைத்தது. சில வருடங்கள் கழித்து, தலை எரிந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் ஒட்ட வெட்டிவிட்டேன். காரணம் கொள்கை இல்லை, அலுப்பு. 2022இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வு ஒன்று வந்தது. முடியை நேராக்கும் பொருள்களை வருடத்தில் 4 தடவைக்கு மேல் பயன்படுத்திய பெண்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 சதவீதம், பயன்படுத்தாதவர்களில் 1.64 சதவீதம் என்றது. தொடர்பைத்தான் காட்டியது, இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. ஆனாலும் நான் அதை அச்செடுத்து அத்தையிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "நாற்பது வருஷம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாம்" என்றார்.

அவர் ரிலாக்ஸரை விட்டார், ஆனால் நேர் முடியை விடவில்லை. இப்போது இடுப்புவரை தொங்கும் முடியைத் தைத்து இணைத்துக்கொள்கிறார். எங்கள் நியூஜெர்சியின் எடிசன் ஊரில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு அதோடுதான் வந்தார். என் பெரியம்மா முதலில் என்னைப் பார்த்தார். "ஏ பிள்ள, தலைய வாரலியா?" என்றார். வாரிய தலை இதுதான் என்றேன். "உங்க அம்மா முடி உனக்கு வராமப் போச்சே" என்று பெருமூச்சு விட்டார். பிறகு அத்தை பக்கம் திரும்பி, "அவங்களுக்கு மட்டும் எப்படி இவ்வளவு நீளம்?" அம்மா குனிந்து காதில் சொன்னார்: "அது நம்ம ஊரு முடிதான், அக்கா." அந்த முடி வந்த பாக்கெட்டில் இந்திய முடி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. திருமலையில் பக்தர்கள் இறக்கும் முடியைத் தேவஸ்தானம் மின்னணு ஏலத்தில் விற்கிறது. இந்தியாவிலிருந்து கப்பலேறும் முடி எங்கெல்லாமோ போய் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் தலைக்கும் வருகிறது. அத்தையின் கற்றை எந்தத் தலையிலிருந்து வந்ததோ தெரியாது. அம்மாவின் முடி எனக்கு வராமல் அத்தைக்குப் போனதில் பெரியம்மாவுக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. (அன்றைக்கு மல்லிகைச் சரத்தை என் தலையில் வைக்கக் கொண்டை ஊசிகளோடு நாலு பேர் வந்தார்கள். ஊசியே வேண்டியிருக்கவில்லை. வைத்த இடத்தில் முடி தானே பிடித்துக்கொண்டது.)

சொந்தக்காரர்கள் சொல்வதில் எனக்குக் கோபம் வருவதில்லை. அப்பாவின் தேவாலயத்திலும் வயதான அம்மாக்கள், "கண்ணு, இந்தத் தலைக்கு எப்போ ஏதாவது செய்யப் போறே?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் ஒரு பயம் இருக்கிறது: இப்படியே போனால் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா, அவமானப்படுத்துவார்களா என்று. அதே வாரம் கடையில் வரிசையில் நிற்கும் முன்பின் தெரியாத கறுப்பினப் பெண், "முடி அருமை" என்று சொல்லிவிட்டுப் போவார். அவ்வளவுதான், நின்று பேசக்கூட மாட்டார்.

கோபம் வருவது கையைப் பார்த்து. காபி இயந்திரத்தின் முன்னால் நிற்பேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து தலைக்குள் நுழையும். "எவ்வளவு மெத்துனு இருக்கு! நான் என்னமோ சொரசொரப்பா இருக்கும்னு நினைச்சேன்!" இதைப் பாராட்டு என்றே நினைக்கிறார்கள். நான் முகம் சுளித்தால், "நல்லதுதானே சொன்னேன்" என்று அவர்களுக்கு வருத்தம். அப்புறம் அவர்களைத் தேற்றுகிற வேலையும் எனக்கே. விமான நிலையத்தில் கை அரசாங்கத்தின் கை. ஸ்கேனர் என் உச்சந்தலையில் மஞ்சள் கட்டம் காட்டும், கையுறை போட்டவர் வந்து அமுக்கிப் பார்ப்பார். ஆஃப்ரோவுக்கும் பின்னலுக்கும் அந்த இயந்திரங்கள் அடிக்கடி வீணாக மணியடிக்கின்றன என்று 2019இல் ப்ரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் விரிவாக எழுதியது. அதைப் படித்த அன்று எனக்கு வந்தது ஆச்சரியமில்லை, நிம்மதி.

இவற்றையெல்லாம் முறைத்துச் சமாளித்துவிடலாம். விதி எழுதும் இடத்தில் இருப்பவர்களை முறைத்துப் பயனில்லை. எங்கள் மாநிலத்தின் தென்பகுதியில் 2018 டிசம்பர் 19 அன்று பள்ளி மல்யுத்தப் போட்டி ஒன்றில் நடுவர் ஒரு 16 வயதுப் பையனிடம், சடைமுடியை வெட்டு, இல்லையென்றால் தோற்றதாக எழுதுவேன் என்றார். அரங்கத்திலேயே எல்லார் முன்னிலையிலும் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். பையன் ஜெயித்தான், கை உயர்த்தப்பட்டபோது அவன் முகம் இருந்த இருப்பைக் காணொளியில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சரியாக ஒரு வருடம் கழித்து அதே டிசம்பர் 19இல் நியூஜெர்சியின் க்ரௌன் சட்டத்தில் ஆளுநர் கையெழுத்திட்டார்: ஆஃப்ரோ, பின்னல், லாக்ஸ் (திரிதிரியாக இறுகிய சடைமுடி), ட்விஸ்ட் (இரண்டிரண்டாக முறுக்கிய கற்றை) என்று இனத்தோடு சேர்ந்த முடிக்கோலத்தை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது. முதலில் கொண்டுவந்தது கலிஃபோர்னியா, அதே 2019இல். நாடு முழுவதற்குமான மசோதா 2022இல் கீழவையில் தேறி, மேலவையில் நின்றுபோனது. டெக்சஸில் 2023 செப்டம்பரில் சட்டம் அமலுக்கு வந்த பிறகும் ஒரு மாணவனை லாக்ஸுக்காக வகுப்பிலிருந்து மாதக்கணக்கில் விலக்கி வைத்தார்கள். சட்டத்தில் நீளத்தைப் பற்றிப் பேச்சில்லை என்று 2024 பிப்ரவரியில் நீதிபதியும் பள்ளிக்கூடத்தின் பக்கம் சாய்ந்தார். நீளமாக வளராத லாக்ஸ் எங்கே கிடைக்கும் என்று அவரிடம் யாராவது கேட்டிருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை, ஊரார் தலையைத் தொடுவதுதான் என் பிழைப்பு. நான் இ.இ.ஜி. தொழில்நுட்பர். வலிப்பு, மயக்கம் என்று வருகிறவர்களின் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வேன். மூக்குத்தண்டின் மேல்பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடுவரை நாடாவால் அளந்து, அந்த நீளத்தில் 10 சதவீதம், 20 சதவீதம் என்று புள்ளி வைத்து, மொத்தம் 21 இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பசை வைத்து ஒட்டவேண்டும். முனைக்கும் தோலுக்கும் இடையே மின்தடை குறைவாக இருந்தால்தான் அலை சுத்தமாக வரும். தட்டையான கிண்ண முனையும் நேர் முடியும் ஒன்றுக்கொன்று செய்தவை போலப் பொருந்தும். அடர்ந்த சுருள் முனையை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும்.

அதனால் எங்கள் பரிசோதனைக் குறிப்புத்தாளில், "பின்னல்களை அவிழ்த்துவிட்டு வரவும்" என்று ஒரு வரி இருக்கிறது. எழுதியவருக்குப் பின்னல் என்றால் ரப்பர் வளையத்தை உருவினால் அவிழ்வது. முழுத்தலைப் பின்னலுக்கு நாள் முழுக்க உட்காரவேண்டும், நூற்றுக்கணக்கில் டாலர் எண்ணிக் கொடுக்கவேண்டும். இருபது நிமிடப் பதிவுக்காக அதை அவிழ்க்கச் சொன்னால் பாதிப் பேர் வரவே மாட்டார்கள். வந்தவர்களிடம் சிலர், "முடி இடம் கொடுக்கவில்லை" என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவதையும் பார்த்திருக்கிறேன். வலிப்பு அந்த வரியை வாசிப்பதில்லை.

அவிழ்க்காமலே முடியும். வால் சீப்பால் வகிடு எடுத்து, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு, வெளியே தெரியும் தோலில் முனையை வைப்பேன். கார்ன்ரோ, அதாவது தலையோடு ஒட்டிப் போடும் வரிசைப் பின்னல், உண்மையில் தோதானது. வரிசைகளுக்கு நடுவே தோல் பளிச்சென்று தெரியும். அந்த வரிசைகளையே அளவுப் புள்ளிகள் வழியாகப் பின்னி, அவற்றுக்கு நடுவே பிடித்துக்கொள்ளும் கிளிப் முனைகளை 2020இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆர்னெல் எட்டியென் என்ற இளம் பொறியாளரும் அவர் குழுவும் செய்துகாட்டினார்கள். நான் அதைப் படித்துவிட்டு எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை.

சென்ற குளிர்காலத்தில் இடுப்புவரை நரைத்த லாக்ஸோடு ஒரு முதியவர் வந்தார். கதவருகே வரும்போதே தொப்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். என் தலையைப் பார்த்தார். தோள் இறங்கியது. "ஓ, நீயா? சரி" என்று தொப்பியைக் கழற்றினார். நான் என்ன செய்யப்போகிறேன், எங்கெங்கே விரல் வைப்பேன், எந்தப் பசை, அது எப்படிக் கழுவினால் போகும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, தொடலாமா என்று கேட்டேன். ஒரு நிமிடம் யோசித்தார். "உச்சியில் இருக்கிறதை மட்டும் இழுக்காதே, அது என் மனைவி ஆரம்பித்துக் கொடுத்தது." இழுக்கவில்லை. பதிவு சுத்தமாக வந்தது.

குறிப்புத்தாளின் அந்த வரியை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மாற்று வரியும் நானே எழுதினேன்: "எண்ணெய் வைக்காமல் வரவும், பின்னலோ லாக்ஸோ இருந்தால் முன்கூட்டியே அழைக்கவும்." குழுவின் பரிசீலனையில் இருக்கிறதாம். அதுவரை முந்தின நாள் மதியம் பட்டியலைப் பார்த்து நானே தொலைபேசியில் கூப்பிடுகிறேன். பின்னல் என்று சொன்னால், வரிசை முன்னிருந்து பின்னாகப் போகிறதா, வட்டமாகச் சுற்றுகிறதா என்று கேட்பேன். பெரும்பாலும் மறுமுனையில் கொஞ்சம் தயக்கம். "அவிழ்க்க வேண்டாமா?" வேண்டாம் என்பேன், ஆனால் அரை மணி நேரம் முன்னதாக வாருங்கள், வகிடு எடுக்க நேரம் பிடிக்கும்.