பாடசாலை இடத்துக்கான மேன்முறையீடு: லண்டனில் ஓர் உரைபெயர்ப்பாளரின் பணி அனுபவம்

இங்கிலாந்தில் ஆண்டுதோறும் மார்ச் 1ஆம் திகதி இடைநிலைப் பாடசாலை இடங்களும் ஏப்ரல் 16ஆம் திகதி ஆரம்பப் பாடசாலை இடங்களும் அறிவிக்கப்படுகின்றன. அன்று விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாளில் அறிவிப்பு வரும். கேட்ட பாடசாலை கிடைக்காத பெற்றோருக்கு மேன்முறையீடு செய்யும் உரிமையைச் சட்டம் கொடுத்திருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்த வரும் தமிழ்ப் பெற்றோருடன்தான் லண்டனில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. முதலில் விசாரணைகளில் உரைபெயர்ப்பாளராக இருந்தேன். பின்னர் ஓர் ஆலோசனை நிலையத்தில் சேர்ந்து, விசாரணைக்கு முன்பே பெற்றோரைத் தயார்ப்படுத்தும் வேலையைச் செய்து வருகிறேன். நம்மவர்களின் மேன்முறையீடுகள் பலவற்றுக்கு வலுவான காரணம் இருந்தது என்பதும், முறையீட்டைக் கேட்கும் குழு எதை எடைபோடுகிறது என்று தெரியாததால் அந்தக் காரணம் வீட்டிலேயே தங்கிவிட்டது என்பதும் இத்தனை காலத்தில் நான் உறுதியாகக் கண்டவை.

மேன்முறையீட்டைக் கேட்பது நீதிமன்றம் அன்று. குறைந்தது மூன்று பேர் கொண்ட ஒரு சுயாதீனக் குழு அதைக் கேட்கிறது. அவர்களில் ஒருவராவது கல்வித்துறை அனுபவம் உள்ளவராகவும், ஒருவராவது பாடசாலை நிர்வாகத்திலோ கற்பித்தலிலோ தொழில்முறையாக ஈடுபடாத பொதுமகனாகவும் இருக்க வேண்டும். ஊதியம் பெறாமல், தங்கள் நேரத்தைக் கொடுத்து வருகிறவர்கள் அவர்கள். சட்டத்தையும் நடைமுறையையும் எடுத்துச் சொல்லவும் நடப்பதைப் பதிவு செய்யவும் ஓர் எழுத்தர் இருப்பார். முடிவில் அவருக்குப் பங்கில்லை. ஏன் இடம் கொடுக்க முடியவில்லை என்று பாடசாலையின் சார்பில் அல்லது கவுன்சிலின் சார்பில் ஓர் உத்தியோகத்தர் விளக்குவார். மேசையின் மறுபக்கத்தில் பெற்றோர் இருப்பார்கள். தேவைப்பட்டால் அவர்களுக்குப் பக்கத்தில் என்னைப் போன்ற ஒருவர் இருப்பார்.

குழு இரண்டு கட்டமாக யோசிக்கிறது. சேர்க்கை விதிகள் சட்டப்படி அமைந்திருக்கின்றனவா, அவை இந்தப் பிள்ளையின் விடயத்தில் சரியாகப் பின்பற்றப்பட்டனவா, இன்னும் ஒரு பிள்ளையைச் சேர்ப்பதால் பாடசாலைக்கு உண்மையில் பாதிப்பு உண்டா என்பது முதற்கட்டம். பாதிப்பு உண்டு என்று குழு கருதினால், அந்தப் பாதிப்பை ஒரு தட்டிலும், இந்தப் பிள்ளை இதே பாடசாலைக்குப் போக வேண்டிய தேவையை மறுதட்டிலும் வைத்து எது கனமானது என்று பார்ப்பது இரண்டாம் கட்டம். ஒதுக்கப்பட்ட பாடசாலை நல்லதா கெட்டதா என்பதோ, பெற்றோர் எவ்வளவு மரியாதையானவர்கள், எவ்வளவு வரி கட்டுகிறார்கள் என்பதோ இந்தத் தராசில் ஏறுவதில்லை. ஆனால் பெரும்பாலான பெற்றோர் பேசத் தொடங்குவது அங்கிருந்துதான்.

இதற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இலங்கையில் தரம் 1 அனுமதிக்கு வீட்டின் அருகாமை, பழைய மாணவரின் பிள்ளை என்ற தகுதி, ஏற்கெனவே அங்கு படிக்கும் உடன்பிறப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி வழியும் புள்ளிகளும் நேர்முகப் பரீட்சையும் உண்டு. அந்த ஏற்பாட்டைக் கண்டு வளர்ந்தவர்கள் குடும்பத்தின் தகுதியையும் பிள்ளையின் கெட்டித்தனத்தையும் நிரூபிக்கும் சான்றிதழ்களை ஒரு கோப்பு நிறையக் கொண்டுவருகிறார்கள். நீச்சல் சான்றிதழ், பரதநாட்டியச் சான்றிதழ், கோயில் நிர்வாக சபையின் நற்சான்றுக் கடிதம், பாராளுமன்ற உறுப்பினரின் கடிதம் எல்லாம் அதில் இருக்கும். இங்கே அரச நிதியில் இயங்கும் பகல்நேரப் பாடசாலைகள் சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ நேர்முகம் காண்பதே தடை செய்யப்பட்டிருக்கிறது என்று சொன்னால் அவர்களுக்கு நம்பிக்கை வருவதில்லை. குழுவினர் அந்தக் கோப்பை மரியாதையோடு புரட்டிப் பார்ப்பார்கள். தராசு அசையாது.

உரைபெயர்ப்பாளர் சொல்லப்பட்டதை மட்டுமே சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அந்த விதி சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதன் பாரம் எவ்வளவு என்பதை ஒரு தாயின் விசாரணையில்தான் முழுமையாக உணர்ந்தேன். அவருடைய மகளுக்கு இடைநிலைப் பாடசாலையின் முதல் வகுப்பான ஏழாம் ஆண்டுக்கு ஒதுக்கப்பட்ட பாடசாலைக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். கேட்ட பாடசாலையோ நடந்து போகும் தூரத்தில் இருந்தது. பரீட்சைப் பெறுபேறுகள், ஆய்வாளர்களின் அறிக்கை, ஒழுக்கம் பற்றிய நல்ல பெயர் ஆகியவற்றையெல்லாம் அவர் நிதானமாகச் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று தலைவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றார். விசாரணை முடிந்து வெளியே வந்த பிறகுதான், போர்க்காலத்தில் தடுப்புக்காவலில் இருந்து மீண்ட தன் கணவருக்கு வலிப்பு வருவதையும், தான் மாலை வேலைக்குப் போகும் நாட்களில் பாடசாலை விட்டதும் ஓடிவந்து தகப்பனுடன் இருப்பது இந்தப் பிள்ளைதான் என்பதையும் என்னிடம் சொன்னார். ஏன் உள்ளே சொல்லவில்லை என்று கேட்டேன். "வீட்டுக் கதையளை அங்கை போய் எப்பிடியக்கா சொல்லுறது?" என்றார்.

குழு முடிவெடுக்க உள்ளே அமர்ந்துவிட்டது. ஒரு தரப்பு இல்லாதபோது மறுதரப்பு புதிய செய்தியைக் கொண்டுபோக முடியாது. அந்த மேன்முறையீடு நிராகரிக்கப்பட்டது. குழு கேட்டவற்றை வைத்துப் பார்த்தால் அந்த முடிவில் பிழை காண எனக்கு வழியில்லை. அதனால்தான் அது இன்றுவரை வலிக்கிறது. நான் ஆலோசனை நிலையத்துக்கு மாறியதற்கு அந்த மாலைப் பொழுது ஒரு பெரிய காரணம்.

நோயும் மனத்துயரும் பிரிவும் கடனும் வெளியாருக்குச் சொல்லத் தகாதவை என்று எண்ணும் சமூகம் நம்முடையது. ஒரு பிள்ளைக்குப் பேச்சுத் தாமதம் என்று எழுதிவைத்தால் அது வாழ்நாள் முழுவதும் கூடவே வரும் என்று பயப்படுகிறார்கள். கணவன் பிரிந்துபோனதைச் சொன்னால் குழுவினர் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று தயங்குகிறார்கள். இரண்டாம் கட்டத்தில் கனம் பெறுவது பெரும்பாலும் இவைதான். மேன்முறையீடு பகிரங்கமாக நடப்பதில்லை. ஒரே பாடசாலைக்குப் பலர் முறையிடும்போது பாடசாலைத் தரப்பின் வாதத்தை எல்லாரும் சேர்ந்து கேட்க நேரிடலாம். ஆனால் ஒவ்வொரு குடும்பத்தின் சொந்தக் கதையும் வழக்கமாகத் தனித்தனியாகத்தான் கேட்கப்படும். இந்த ஒரு செய்தியை முதலில் சொன்னாலே பலர் நாற்காலியைச் சற்று முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு பேசத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

பேசுவது மட்டும் போதாது; எழுத்தில் சான்று வேண்டும். வைத்தியரின் கடிதம் "இந்தப் பிள்ளைக்கு ஆஸ்துமா இருக்கிறது" என்று முடிந்துவிட்டால் பயன் குறைவு, ஏனென்றால் ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் எல்லாப் பாடசாலைகளிலும் படிக்கிறார்கள். நெடுந்தூரப் பயணம் இந்தப் பிள்ளையின் உடல்நிலையை எப்படிப் பாதிக்கும், ஏன் இந்தப் பாடசாலை என்பதைக் கடிதம் தொட வேண்டும். அப்படியொரு கடிதம் கேட்கத் தயங்கும் பெற்றோருக்காக, வைத்தியரிடம் கொடுக்க ஒரு சிறு குறிப்பை நாங்களே எழுதிக் கொடுக்கிறோம். மேற்சொன்ன தாயின் நிலையை ஒத்த இன்னொரு குடும்பம் சில ஆண்டுகள் கழித்து வந்தபோது, தகப்பனின் சிகிச்சை பற்றிய கடிதமும், பிள்ளையின் ஆரம்பப் பாடசாலை ஆசிரியை எழுதிய கடிதமும், வீட்டின் ஒருநாள் நேர அட்டவணையும் முன்கூட்டியே குழுவுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைத்தது. அன்று அந்தத் தகப்பன் விசாரணையில் பேசியது மிகக் கொஞ்சம்.

ஆனால் சிறு பிள்ளைகளின் வகுப்புகளில் இவ்வளவும் பலிக்காமல் போகும். 1998ஆம் ஆண்டுப் பாடசாலைச் சட்டத்தின்படி ரிசெப்ஷன் (நான்கு வயதில் பிள்ளைகள் சேரும் முதல் வகுப்பு), முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. விதிவிலக்குகள் மிகச் சில. இந்த வரம்பைக் காரணம் காட்டி இடம் மறுக்கப்பட்டால் தராசு என்பதே கிடையாது. இன்னொரு பிள்ளையைச் சேர்த்தாலும் வரம்பு மீறப்படாது என்று காட்ட வேண்டும். அல்லது விதிகளில் நேர்ந்த பிழையால்தான் இந்தப் பிள்ளை இடத்தை இழந்தது என்று காட்ட வேண்டும். அல்லது நியாயமான எந்த அதிகாரியும் இப்படி முடிவு செய்திருக்க மாட்டார் என்று காட்ட வேண்டும். மூன்றாவதற்குச் சட்டம் வைத்திருக்கும் அளவுகோல் மிக உயரமானது. நான்கு வயதுப் பிள்ளையின் தாய் அழுது சொல்லும் காரணங்களை முழு இரக்கத்தோடு கேட்டுவிட்டு, கைகட்டப்பட்ட நிலையில் மறுக்கும் குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த வேறுபாட்டை முதல் மறுப்புக் கடிதமே பெற்றோருக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் வேண்டுகோள். கடிதத்தில் அது இருக்கத்தான் செய்கிறது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் இரண்டு தடவை வாசிக்க வேண்டிய ஒரு பந்தியில் இருக்கிறது.

அப்படிப்பட்ட வகுப்புகளில் வழி திறப்பது பெரும்பாலும் பிழையைக் கண்டுபிடிப்பதால்தான். ஒரு குடும்பத்தின் மூத்த பிள்ளை அதே பாடசாலையில் படித்துக்கொண்டிருந்தான். உடன்பிறப்புகளுக்கு முன்னுரிமை என்ற விதியும் இருந்தது. தங்கைக்கு இடம் இல்லை என்று கடிதம் வந்தது. மூத்தவனுக்கு ஊர் வழக்கப்படி தகப்பனின் பெயர் கடைசிப் பெயராக இருந்தது. இங்கே ஒவ்வோர் அலுவலகத்திலும் பெயர்க் குழப்பம் ஏற்பட்டதால், பின்னர் பிறந்த மகளுக்குத் தகப்பனின் கடைசிப் பெயரையே, அதாவது பாட்டனின் பெயரையே, பதிந்திருந்தார்கள். படிவத்தில் அண்ணனின் பெயரும் பிறந்த திகதியும் சரியாகவே எழுதப்பட்டிருந்தும், இரண்டு கடைசிப் பெயர்களும் பொருந்தாததால் எங்கோ ஓர் இடத்தில் அந்த முன்னுரிமை விடுபட்டுப்போனது. இரண்டு பிறப்புச் சான்றிதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் குழுவுக்கு விளங்கியது. சரியாகச் செய்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைத்திருக்கும் என்பது உறுதியானதால் முறையீடு ஏற்கப்பட்டது. தமிழ்ப் பெயர் வழக்கம் தெரிந்த எவருக்கும் ஒரு நிமிடத்தில் புலப்படும் விடயம் அது. இப்போது எந்தக் குடும்பம் வந்தாலும் முதலில் பெயர்களையும், முகவரியையும், வீட்டிலிருந்து பாடசாலைக்கு அளக்கப்பட்ட தூரத்தையும்தான் சரிபார்க்கிறேன்.

விசாரணையில் பெற்றோர் கைவிடும் இன்னோர் உரிமை கேள்வி கேட்பது. பாடசாலைத் தரப்பு உத்தியோகத்தரிடம் கேள்வி கேட்க அவர்களுக்குத் தனி நேரம் கொடுக்கப்படுகிறது. அதிகாரியைக் கேள்வி கேட்பது மரியாதைக்குறைவு என்றும், கேட்டால் அந்தக் கோபம் பிள்ளைமேல் விழும் என்றும் நினைத்துப் பலர் தலையாட்டிவிட்டு இருந்துவிடுவார்கள். முந்தைய ஆண்டுகளில், சேர்ப்பதாக அறிவிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் பிள்ளைகளைச் சேர்த்தீர்களா, அப்போது என்ன பாதிப்பு வந்தது, கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் வீடு எவ்வளவு தூரம் என்பவை பணிவோடு கேட்கக்கூடிய கேள்விகள். அவற்றுக்கு வரும் பதிலைக் குழுவினர் குறித்துக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன்.

நடைமுறை விடயங்களில் சுருக்கமாகச் சிலவற்றைச் சொல்லிவிடலாம். ஒதுக்கப்பட்ட இடத்தை மறுப்பதால் முறையீடு வலுப்பெறாது. பிள்ளை இடமில்லாமல் நிற்கும் ஆபத்துத்தான் உண்டு. காத்திருப்புப் பட்டியலில் முந்தி வந்தவருக்கு முன்னிடம் என்ற வழக்கம் கிடையாது, அதே சேர்க்கை விதிகளின்படிதான் வரிசை அமையும்; ஆகவே இன்று ஐந்தாவதாக இருக்கும் பிள்ளை அடுத்த வாரம் ஏழாவதாகவும் ஆகலாம். முறையீடு தோற்றாலும் பட்டியலில் உள்ள இடம் போகாது. அந்தப் பட்டியலை டிசம்பர் 31 வரையாவது வைத்திருக்க வேண்டும் என்பது விதி. குடும்பங்கள் வீடு மாறுவதால் கோடை விடுமுறையிலும் செப்டெம்பரிலும் இடங்கள் காலியாவது லண்டனில் வழக்கம்.

இவ்வளவு காலமும் வசந்த காலத்தில் வந்து குவிந்த கோப்புகளைப் படித்துப் பார்த்ததில், சிக்கல் முந்தைய இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிட்டதை அடிக்கடி கண்டேன். லண்டனில் விண்ணப்பப் படிவத்தில் ஆறு பாடசாலைகள் வரை எழுதலாம். ஒன்றை மட்டும் எழுதினால் அதைத் தரத்தான் வேண்டும் என்று எண்ணி மற்ற இடங்களை வெறுமையாக விட்டவர்கள் உண்டு; அவர்களுக்குக் கிடைப்பது எல்லாரும் எடுத்த பிறகு மிஞ்சியிருக்கும் இடம். விசேட மருத்துவத் தேவை அல்லது சமூகத் தேவை என்ற ஒரு முன்னுரிமைப் பிரிவும் பல பாடசாலைகளின் விதிகளில் இருக்கிறது. அதற்கான சான்றுகளை விண்ணப்பத்துடனேயே கொடுக்க வேண்டும். தகப்பனின் நோயையும் பிள்ளையின் பொறுப்பையும் அந்த நேரத்தில் எழுதிக் கொடுத்தால், மேன்முறையீடே தேவைப்படாமல் போகக்கூடும். இதனால் இப்போது விண்ணப்பக் காலத்தில், இடைநிலைக்கு ஒக்டோபர் 31க்கு முன்பும், ஆரம்பப் பாடசாலைக்கு ஜனவரி 15க்கு முன்பும், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளுக்குப் போகிறோம். பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரத்தில் வெளியே காத்திருக்கும் பெற்றோருடன் அமர்ந்து, படிவத்தின் அந்தப் பகுதியைத் தமிழில் வாசித்துக் காட்டி, வீட்டில் நடப்பவற்றில் எதை, யாருடைய கடிதத்தோடு அங்கே எழுத வேண்டும் என்று ஒவ்வொருவரோடும் தனியாகப் பேசுகிறோம்.