இடையிலேயே கட்டி முடித்த கடனுக்கு பிபிஐ பணம்: லண்டன் நாட்குறிப்பு

3 ஜூலை 2019, புதன்

பிபிஐ என்பது, வேலை போனால் அல்லது நோய் வந்தால் கடன் தவணையைக் கட்டும் காப்புறுதி. பிரிட்டிஷ் வங்கிகள் அதைப் பலருக்குத் தவறாக விற்றன. அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கும் முறைப்பாடு வங்கிக்குப் போய்ச் சேர வேண்டிய கடைசி நாள் ஓகஸ்ட் 29. எட்டு வாரம் இருக்கிறது. ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகரின் பொம்மைத் தலையை வைத்து, இந்தக் கடைசி நாளை நினைவூட்டி இரண்டு வருடமாக விளம்பரம் ஓடியும், "நான்தான் அந்த லோனை இடையிலேயே கட்டி முடித்துவிட்டேனே, இனி என்ன கேட்பது" என்று ஒதுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் குறிப்புகள் அவர்களுக்காக.

கேட்க நிறையவே இருக்கிறது. அந்தக் காலத்துத் தனிநபர் கடன்களில் காப்புறுதியை மாதாமாதம் அறவிடவில்லை. ஐந்து வருடப் பிரீமியம் முழுவதையும் முதல் நாளிலேயே கடனோடு சேர்த்து, அதற்கும் வட்டி போட்டார்கள். 2009இல் கண்காணிப்பு ஆணையம் நிறுத்தச் சொல்லும்வரை இதுதான் வழக்கம். இரண்டாம் வருடத்தில் கடனை அடைத்தவரும் ஐந்து வருடக் காப்புறுதியைக் கடனாக வாங்கியவர்தான். மிச்ச மூன்று வருடம் காப்புறுதியால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை, பணமோ பெரும்பாலும் திரும்பி வரவில்லை.

9 ஜூலை 2019, செவ்வாய்

முதலில் கடதாசிகள். கடன் ஒப்பந்தத்தில் பிபிஐ என்றே எழுதியிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். லோன் புரொடெக்‌ஷன், பேமென்ட் கவர், ஏஎஸ்யு (விபத்து, நோய், வேலையிழப்பு) என்று பல பெயர்கள். பெயரைவிட எண்ணைப் பாருங்கள்: கைக்கு வந்த தொகைக்கும் ஒப்பந்தத்தில் உள்ள, வட்டி சேராத மொத்தக் கடன் தொகைக்கும் வித்தியாசம் இருந்தால், அந்த வித்தியாசத்துக்குள் பிரீமியம் இருக்கக்கூடும்.

ஒப்பந்தம் இல்லையென்றால், கடனை அடைத்து முடிக்க எவ்வளவு என்று வங்கி எழுதிய செட்டில்மென்ட் கடிதம். அதுவும் இல்லையென்றால், கடன் கைக்கு வந்த மாதத்தின் வங்கிக் கூற்று. கிரெடிட் ரிப்போர்ட்டில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். முடிந்த கணக்கு ஆறு வருடத்தில் அதிலிருந்து மறைந்துவிடும். வங்கிகளும் பல இடங்களில் ஆறு வருடத்துக்குப் பிறகு கோப்பை அழித்துவிடுகின்றன. அதனால் மேசை அடியில் கிடக்கும் பழைய கடதாசிக்கு இப்போது மதிப்பு அதிகம்.

உங்களைப் பற்றிய பதிவுகளைத் தரும்படி வங்கியிடம் கேட்கும் உரிமைக்கு 2018 மே முதல் கட்டணம் கிடையாது. ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். ஆனால் பதிவு வரட்டும் என்று முறைப்பாட்டைத் தள்ளிப் போடாதீர்கள். இரண்டையும் ஒன்றாக அனுப்புங்கள்.

வங்கியின் பெயர் இன்று இல்லாமல், அல்லது வேறு வங்கியின் கையில் இருக்கலாம். இப்போதைய உரிமையாளரிடம் கேளுங்கள். அபே, அலையன்ஸ் அன்ட் லெஸ்டர் இரண்டும் சன்டான்டரிடம். ஹாலிஃபாக்ஸ் லொயிட்ஸ் குழுமத்திடம். ஹெச்எஃப்சி, ஹெச்எஸ்பிசியிடம்.

18 ஜூலை 2019, வியாழன்

இன்று கணக்கு. இதைப் புரிந்துகொண்டால், வங்கி குறைத்துத் தரும்போது கண்ணில் படும்.

மாதிரிக்கு ஒரு கடன்: 2004 ஜனவரியில் 8,000 பவுண்ஸ், 60 மாதம், மாத வட்டி 0.8%. பிரீமியம் 1,600. ஒப்பந்தத்தில் கடன் 9,600 என்று இருக்கும், தவணை 202.09. அதில் 33.68 காப்புறுதிக்கான பங்கு. 24 தவணை கட்டிய பிறகு, 2006 ஜனவரியில் மிச்சத்தை ஒரேயடியாக அடைக்கிறார். செட்டில்மென்ட் தொகை ஏறக்குறைய 6,300.

பலரும் தவறவிடுவது இந்த 6,300ஐத்தான். அதற்குள் 1,050 பவுண்ஸ் காப்புறுதிக் கடனின் மிச்சம். கடிதத்தில் அது தனி வரியாக வராது, மொத்தத்துக்குள் கரைந்திருக்கும். காப்புறுதியை நிறுத்தியதற்காக 400 பவுண்ஸ் கழிவு கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மிச்ச 36 மாதத்துக்கு விகிதப்படி 960 வர வேண்டும். ஆனால் பொலிசியில் உள்ள கழிவு அட்டவணை விகிதப்படி இருப்பதில்லை. காலம் போகப் போகக் கழிவு வேகமாகச் சுருங்கும்.

திரும்பி வர வேண்டியது: தவணைகளில் போன 808, அதோடு அடைத்த நாளில் போன 1,050, அதிலிருந்து 400 கழிவு. மொத்தம் 1,458. இதற்கு மேல், ஒவ்வொரு தொகையும் கையைவிட்டுப் போன நாளிலிருந்து இன்றுவரை வருடத்துக்கு 8% தனி வட்டி. தவணைகளுக்குச் சராசரியாக பதினான்கரை வருடம், சுமார் 937. அடைத்த நாளின் 650க்குப் பதின்மூன்றரை வருடம், 702. ஆக மொத்தம் 3,100 பவுண்ஸ் அளவில் வரும். வட்டி அசலைவிடப் பெரிது.

எங்கே பிழை வரும்? தவணைப் பங்கை மட்டும் கணக்கிட்டு 1,050ஐ விட்டுவிடுவது, ஆனால் 400ஐ மறக்காமல் கழிப்பது. அப்படிச் செய்தால் 1,458 இருக்க வேண்டிய இடத்தில் 408 நிற்கும்.

இன்னொரு சிக்கல், பழைய கடனை அதே வங்கியின் புதிய, பெரிய கடனால் அடைத்தவர்களுக்கு. அந்த 1,050 காணாமல் போவதில்லை, புதிய கடனுக்குள் ஏறி அங்கேயும் வட்டி ஏற்றிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் புதிய பிபிஐயும் இருக்கும். வங்கி கடைசிக் கடனை மட்டும் பார்த்துப் பதில் எழுதினால் ஏற்காதீர்கள். சங்கிலி முழுவதையும், முதல் கடனிலிருந்து, கணக்கிடக் கேளுங்கள்.

5 ஓகஸ்ட் 2019, திங்கள்

முறைப்பாட்டில் என்ன எழுதுவது? "எனக்கு பிபிஐ இருந்ததா?" என்று மட்டும் கேட்டால் அது வெறும் தகவல் விசாரிப்பாகவே எடுக்கப்படலாம். "தவறாக விற்கப்பட்டது, முறைப்பாடு செய்கிறேன்" என்று நேராக எழுதுங்கள்.

காரணம் உண்மையானதாக இருக்க வேண்டும். காப்புறுதி எடுத்தால்தான் கடன் என்று சொன்னார்களா? கேட்காமலே கட்டத்தில் புள்ளடி போட்டிருந்ததா? ஏற்கெனவே இருந்த நோயைப் பற்றிக் கேட்டார்களா? சொந்தக் கடை நடத்தியவரா? எங்கள் ஆட்களில் பலர் சிறுகடைக்காரர்கள்; வேலையிழப்புக் காப்புறுதி சுயதொழில்காரருக்குப் பல பொலிசிகளில் பெயரளவில்தான் இருந்தது. இடையில் அடைத்தவர்களுக்கு இன்னும் வலுவான காரணம் உண்டு: முன்கூட்டி அடைத்தால் பிரீமியம் விகிதப்படி திரும்பி வராது என்பதை விற்றபோது சொல்லவில்லை. கடன் எடுக்கும்போதே சீக்கிரம் அடைக்கும் எண்ணம் இருந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

நினைவில்லாததை இட்டுக்கட்ட வேண்டாம். "நினைவில்லை" என்று எழுதுவதால் முறைப்பாடு விழுந்துவிடாது.

முறைப்பாட்டை உங்களுக்காக நடத்தித் தரும் இடைத்தரகுக் கம்பனிகள் தேவையில்லை. அவர்களுக்குச் சட்டம் வைத்த உச்சவரம்பு கிடைக்கும் பணத்தில் 20%, வற் வரி சேர்த்தால் 24%. மேலே உள்ள கணக்கில் அது 740 பவுண்ஸுக்கு மேல், ஒரு படிவம் நிரப்புவதற்கு.

20 ஓகஸ்ட் 2019, செவ்வாய்

பிளெவின் வழியைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு: திருமதி பிளெவின் கட்டிய பிரீமியத்தில் 71.8% கொமிஷனாகப் போயிருந்தது, அவருக்கு அது சொல்லப்படவில்லை. அதைத் தொடர்ந்து வந்த விதிப்படி, கொமிஷன் 50%ஐத் தாண்டினால் தாண்டிய பகுதியும் வட்டியும் திரும்ப வரும். தவறாக விற்கப்பட்டது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. முன்பு நிராகரிக்கப்பட்டவர்களும் இந்தக் காரணத்தைச் சொல்லி மறுபடி கேட்கலாம்.

ஆனால் இடையில் அடைத்தவர்கள் ஒரு திகதியைப் பார்க்க வேண்டும்: 6 ஏப்ரல் 2008. 2007 ஏப்ரல் 6க்கு முன் எடுத்த கடன் அந்த நாளுக்கு முன்பே முடிந்திருந்தால் இந்த வழி இல்லை. மேலே உள்ள மாதிரிக் கடன் 2006இல் முடிந்தது. அதற்குத் தவறான விற்பனை என்ற காரணம் மட்டும்தான்.

29 ஓகஸ்ட் 2019, வியாழன்

இன்று நள்ளிரவுக்குள் முறைப்பாடு வங்கியின் கையில் இருக்க வேண்டும். தபால் முத்திரை கணக்கில் வராது. இணையப் படிவத்தில் போடுங்கள், சமர்ப்பித்ததும் வரும் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். கணக்கு எண் தெரியாவிட்டால் அன்றைய முகவரி, பிறந்த திகதி, உத்தேச வருடம் போதும்.

20 நவம்பர் 2019, புதன்

பதில்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. நிராகரிப்பு வந்தால், இறுதிப் பதில் கடிதத்தின் திகதியிலிருந்து ஆறு மாதத்துக்குள், வங்கிகள் மீதான முறைப்பாடுகளைத் தீர்க்கும் சுயாதீன அமைப்பான நிதி ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

பணம் வந்தவர்கள் வரியைப் பார்க்க வேண்டும். 8% வட்டியில் 20% வரியைக் கழித்துவிட்டுத்தான் தருகிறார்கள். அசலுக்கு வரி இல்லை. நம் கணக்கில் வட்டி சுமார் 1,640, பிடித்த வரி 328. அடிப்படை (20%) வரிக்காரருக்கு வருடம் 1,000 பவுண்ஸ்வரை சேமிப்பு வட்டிக்கு வரி இல்லை. வேறு வட்டி வருமானம் இல்லையென்றால் 200 பவுண்ஸ் திரும்பி வரும். வரியே கட்டாத அளவு வருமானம் உள்ளவருக்கு முழுவதும் வரலாம். 40% வரிக்காரருக்கு வரம்பு 500, மேலும் கட்டவும் நேரலாம். வரிக் கணக்கைத் தாமே தாக்கல் செய்யும் சுயமதிப்பீடு இல்லாதவர்களுக்கு, வரியைத் திரும்பக் கேட்க ஆர்40 படிவம். வரி வருடம் முடிந்ததிலிருந்து நான்கு வருடம் அவகாசம், ஆகவே இந்த வருடப் பணத்துக்கு 2024 ஏப்ரல் 5 வரை.

16 நவம்பர் 2023, வியாழன்

நேற்று உச்ச நீதிமன்றத்தில் கனடா ஸ்குயர் எதிர் பொட்டர் தீர்ப்பு. 2006 ஜூலையில் பொட்டர் என்ற பெண் கனடா ஸ்குயர் என்ற கம்பனியிடம் எடுத்த கடன். கைக்கு 16,953 பவுண்ஸ், பிரீமியம் 3,834.24. காப்புறுதிக் கம்பனிக்குப் போனது 182.50 மட்டும். 95%க்கு மேல் கொமிஷன், அதை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. கடன் 2010 மார்ச்சில் முடிந்தது. 2018இல் முறைப்பாடு செய்து ஒரு பகுதியை வாங்கிவிட்டு, மிச்சத்துக்கு வழக்குப் போட்டார். வழக்குப் போடுவதற்கான ஆறு வருடம் தாண்டிவிட்டது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. கொமிஷனை மறைத்தபடியால், அதை அவர் அறிந்த, அல்லது முயன்றால் அறிந்திருக்கக்கூடிய நாளிலிருந்துதான் காலம் ஓடும்.

முறைப்பாட்டுக்கான நாள் 2019இலேயே முடிந்துவிட்டது. இது ஓம்பட்ஸ்மன் வழி அல்ல, இங்கிலாந்து, வேல்ஸ் நீதிமன்ற வழி. 10,000 பவுண்ஸுக்குள் என்றால் பொதுவாகச் சிறு வழக்குப் பிரிவு. போகுமுன் இரண்டு கடதாசியை எடுத்து வையுங்கள்: கடனை அடைத்த திகதி உள்ள கடிதம், கொமிஷன் பற்றி உங்களுக்கு முதன்முதலில் தெரியவந்த கடிதம். முதலாவதில் 2008 ஏப்ரல் 6க்கு முந்திய திகதி இருந்தால், நேற்றைய தீர்ப்பு 2007 ஏப்ரல் 6க்கு முன் எடுத்த கடனுக்கு உதவாது. இரண்டாவதில் 2017ஆம் ஆண்டுத் திகதி இருந்தால், ஆறு வருடம் இப்போதே முடிந்திருக்கலாம். இன்றே சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.