247-ஐயும் ஒப்பிக்கும், 'மே' எங்கே என்றால் விழிக்கும்

பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளில் ஆண்டு 1-க்கு வரும் பிள்ளைகளில் பலர் உயிர்மெய் அட்டவணையைத் தடங்கலின்றி ஒப்பிப்பார்கள். அட்டவணையை மூடிவிட்டு 'மே' என்ற ஒற்றை அட்டையை நீட்டினால், 'ம, மா, மி...' என்று முதலிலிருந்து ஓடிப் பிடிப்பார்கள். பாட்டு மனப்பாடமாகியிருக்கிறது, அவ்வளவுதான். வீட்டில் அதைக் கேட்டுப் பூரித்துப் போவதால் பிரச்சினை தாமதமாகத்தான் தெரியவருகிறது.

ட, ப, ம மூன்றோடு துணைக்காலும் புள்ளியும் போதும், தொடங்கிவிடலாம். படம், பாடம், மாடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரத்திலேயே சொற்கள் கிடைக்கும். மணிலா அட்டையை வெட்டி, அட்டைக்கு ஓர் எழுத்தாக எழுதி, தினமும் பத்து நிமிடம் கலைத்துக் கலைத்து வாசிக்க விடுங்கள். தயங்காமல் வாசித்த பிறகே அடுத்த எழுத்து. புள்ளியைக் கவனிக்காத பிள்ளை 'படடம' என்று படிக்கும். 'பட்' ஒரு கைத்தட்டு, 'டம்' ஒரு கைத்தட்டு என்று பிரித்தால் சரியாகும்.

அதிகம் இடறும் இடம் கொம்பு. 'தே' என்பதில் ஏகார ஒலி பின்னால் வருகிறது, இரட்டைக்கொம்போ முன்னால் நிற்கிறது. சொல்வதெழுதுதலில் 'தேன்' என்றதும் 'த'வை எழுதிவிட்டு, இடப்பக்கம் இருக்கும் இத்தனூண்டு இடத்தில் கொம்பைத் திணிப்பார்கள். இடமில்லையென்றால் வலப்பக்கம் போட்டுவிடுவார்கள். கொம்பைத் தனி அட்டையாக வெட்டாதீர்கள். 'தே' முழுவதும் ஒரே அட்டையில், ஒரே உருவமாகப் பதியட்டும். 'கொ' இன்னும் சிக்கல். துணைக்காலை 'ர' என்று நினைத்து, 'கொடி'யைக் 'கெரடி' ஆக்குவார்கள். ர-வின் அடியில் சாயும் வாலை விரலால் தடவச் சொல்லுங்கள். 'மௌனம்' 'மெளனம்' ஆவதும் இதே கதைதான். பெரியவர்களே அப்படித் தட்டச்சு செய்யும்போது பிள்ளையை என்ன சொல்வது?

உகர வரிசையை அட்டவணைப்படி நடத்தினால் குழம்பும். கு, டு, மு, ரு ஒரு கூட்டம். பு, யு, வு ஒரு கூட்டம். து, நு, லு, று ஒரு கூட்டம். உருவத்தை வைத்துச் சேருங்கள்.

மலாயும் ஆங்கிலமும் கூடவே நடக்கின்றன. ரூமியில் (மலாயை எழுதும் ரோமன் எழுத்தில்) 'பாலு' (Balu) என்ற பெயரின் முதல் ஒலிக்கும் 'பால்' என்பதன் முதல் ஒலிக்கும் வேறு வேறு எழுத்து. தமிழில் இரண்டுக்கும் 'ப'தான். சொல்லின் முதலில் வன்மை (பல்), மெல்லினத்துக்குப் பின் மென்மை (பாம்பு) என்று காதால் கேட்கவைத்துப் பழக்குங்கள். 'பஸ்', 'பலூன்' போன்றவை இதில் அடங்காது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடலாம்.

ல, ள, ழ பிழைகளை வாசிப்பு கைவரும்வரை சிவப்பு மையால் சுழிக்க வேண்டாம். அவற்றைச் சொல்வதெழுதுதல் பாடத்தில் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.