யாங்கோன் வீட்டுக்கு மரத்தரை: மரத்தின் பெயருக்கு முன் ஈரத்தைக் கேளுங்கள்

பர்மாத் தேக்கு என்று சொல்லிவிட்டால் நம்மவர்கள் மேற்கொண்டு எதையும் விசாரிப்பதில்லை. செட்டிநாட்டு வீடுகளின் தூணும் கதவும் இங்கிருந்து கப்பலேறிய மரம்தானே, அது எதையும் தாங்கும் என்ற நம்பிக்கை. தூணுக்கு அது சரி. தரை வேறு விஷயம். யாங்கோனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மி.மீ. மழை, அதில் பெரும்பகுதி மே நடுவிலிருந்து அக்டோபர் வரைக்கும் கொட்டித் தீர்த்துவிடும். மாந்தளையில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். மார்ச் மாத மாந்தளைக் காற்றில் காய்ந்த பலகையில் ஈரம் 8 சதவீதம் இருக்கும். அதே பலகை யாங்கோனின் ஆடி மழையில் 16 சதவீதம் வரை ஏறும்.

இதைக் கணக்காகப் பார்த்தால்தான் புரியும். தட்டையாக அறுத்த தேக்குப் பலகை, ஈரம் ஒரு சதவீதம் கூடினால் அகலத்தில் 0.00186 பங்கு விரியும். 12 அடி அகல அறை என்றால் 144 அங்குலம். 8 சதவீத ஏற்றத்துக்கு மொத்த விரிவு 2 அங்குலத்துக்கு மேல் போகிறது. 12 அல்லது 13 சதவீதத்தில் போட்டிருந்தால் அதே மழைக்கு ஏறக்குறைய ஓர் அங்குலத்தோடு நின்றுவிடும். ஆரத்தை ஒட்டி நெட்டாக அறுத்த பலகையில் விரிவு ஏறக்குறைய பாதிதான். மேற்பரப்பில் ரேகைகள் நேர்கோடாக ஓடினால் அது நெட்டு அறுப்பு. மலை மலையாக வளைந்தால் தட்டை அறுப்பு. கூடுதல் பணம் கொடுப்பதென்றால் இதற்குக் கொடுங்கள்.

ஈரமானி இல்லையென்றாலும் வழி இருக்கிறது. பலகையின் நடுவிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடை போடுங்கள். 103 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் வைத்து, எடை மேற்கொண்டு குறையாத வரை காய விடுங்கள். முதலில் 230 கிராம், காய்ந்தபின் 200 என்றால் ஈரம் 15 சதவீதம். நுனித் துண்டு வேண்டாம், நுனி எப்போதும் முன்னால் காய்ந்துவிடும். வாங்கிய பலகையைப் போடப்போகும் அறையிலேயே, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள்.

இனி மரம். தேக்கின் பெருமை கடினத்தில் இல்லை. பின்கடோ, படவுக்கு என்ற உள்ளூர் மரங்கள் அதைவிட அதிகம் அடி தாங்கும். தேக்கு சிறந்து நிற்பது அசைவு குறைவு என்பதாலும், வைரத்தில், அதாவது மரத்தின் முற்றிய நடுப்பகுதியில் உள்ள எண்ணெய் கறையானை அண்டவிடாது என்பதாலும்தான். வெளிர் நிற ஓரமரத்துக்கு அந்தக் காப்பு கிடையாது. பலகையில் ஓரமரம் தெரிந்தால் தள்ளிவிடுங்கள். பின்கடோ ரயில் தண்டவாளக் கட்டைக்குப் போகும் மரம். ஆணி நேராக இறங்காது, துளை போட்டுத்தான் அடிக்க வேண்டும். தரைக்கு அடியில் வரும் சட்டங்களுக்கு அதைவிட நல்லது இல்லை. தின்ஜான் என்ற பர்மியப் புத்தாண்டுச் சமயத்தில் மஞ்சளாகப் பூக்கும் அதே படவுக்கின் மரம் அழகான செம்மை. ஆனால் அந்தச் செம்மை வெயில் பட்டால் பழுப்பாகிவிடும், அதைத் தெரிந்தே வாங்குங்கள். கன்யின் என்ற மரம் விலை குறைவு, கறையானுக்கு விருந்து. பழைய வீடு இடித்த தேக்கு கிடைத்தால் விடாதீர்கள். பல வருட மழையும் வெயிலும் பார்த்து அடங்கிய மரம் அது. இழைப்பதற்கு முன் காந்தத்தை ஓட்டி ஆணித் துண்டுகளை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

12க்கு 14 அடி அறைக்கு எவ்வளவு மரம்? பரப்பு 168 சதுர அடி. ஓர் அங்குலக் கனத்துக்கு 14 கன அடி. 4 அங்குலப் பலகையில், பக்கத்துப் பலகையோடு கோக்கும் நாக்கும் காடியும் எடுத்தபின் முகம் 3¼ அங்குலம்தான் மிஞ்சும் என்பதால் 17¼ கன அடி ஆகிறது. கழிவுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 19. இங்கே ஒரு டன் என்பது 50 கன அடி. ஆக, அரை டன்னில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் போதும். 6, 8 அங்குல அகலப் பலகை பார்க்கக் கம்பீரம், மழைக்காலத்தில் அதிகம் வளைவதும் அதுதான்.

கான்கிரீட் தளத்தில் போடுவதென்றால் 18 அங்குலச் சதுரப் பாலிதீனை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். உள்ளே நீர் கோத்தாலோ, கான்கிரீட் கறுத்தாலோ இன்னும் காத்திருக்க வேண்டும். காய்ந்தபின் கனமான பாலிதீனை 6 அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, பின்கடோச் சட்டங்களை 12 முதல் 16 அங்குல இடைவெளியில் பதியுங்கள்.

முதல் வரிசைக்குச் சுவரை நம்பாமல் நூல் பிடியுங்கள். சுவரோரம் அரை அங்குலம் விட்டால் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மூடிவிடும். நாக்கின் மேல் முனையில் 45 டிகிரி சாய்வில், ஒவ்வொரு சட்டத்திலும் துத்தநாகம் பூசிய 2 அங்குல ஆணி. பக்கத்து வரிசைகளின் இணைப்புகள் 6 அங்குலமாவது தள்ளி வரட்டும். ஒவ்வொரு பலகையும் ஆணியில் நிற்பதால் விரிவு முழுவதும் சுவரோர இடைவெளிக்கு ஓடிவிடாது. அதனால் மார்கழி, தை மாதங்களில் போடும்போது வரிசைக்கு வரிசை இரண்டு விசிட்டிங் கார்டு கனம் இடைவெளி விடுங்கள். ஆடியில் போடுவதென்றால் இறுக்கிப் போடலாம், கோடையில் தானே விலகும்.

பூச்சு வேலையை நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். 40, 80, 120 என்ற எண் வரிசையில் உப்புத்தாளால் தேய்த்தபின் தேக்கின் மேல் எண்ணெயைத் தின்னர் தோய்த்த துணியால் துடைத்து, அன்றே முதல் பூச்சை மெல்லியதாகப் போட வேண்டும். துடைக்காமல் விட்டால் பாலியூரித்தேன் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். தேக்கு, படவுக்கு இரண்டின் தூளும் மூக்கையும் தோலையும் அரிக்கும்.

கால் ஊன்றிய பழைய மரவீடுகளின் கீழ்ப்பகுதியைச் செங்கல் வைத்து அடைக்கும் பழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. எதிரெதிர்ச் சுவர்களில் காற்றுத் துளை விடாமல் அடைத்தால், தரையின் அடிப்பக்கம் ஈரத்தை இழுத்துப் பலகைகள் கிண்ணம்போல் குழிந்துவிடும். மேலெழுந்த ஓரங்களை உடனே தேய்த்துச் சமப்படுத்த ஆளைக் கூப்பிடாதீர்கள். ஈரம் வற்றியதும் பலகை தானாகத் திரும்பும். தேய்த்துவிட்டால் ஓரங்கள் மெலிந்து நடு மேடாக நிற்கும். துளை விட்டு, கோடை முழுவதும் காற்றோட விட்டு, ஏப்ரலில் பாருங்கள்.